சிவப்பு டேப் வரைக்கும் தண்ணீர்

இன்று காலை பரணில் பெரிய தவலையைத் தேடப்போய், உன் தண்ணீர் பாட்டில் என் தலையில் விழுந்தது. வேலையை விட்டு ஊருக்குப் போனபோது நீ என்னிடம் விட்டுப்போன அதே ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்தான். மூடி வெளுத்துவிட்டது. ஆனால் நடுவுக்குக் கொஞ்சம் மேலே நான் சுற்றிவிட்ட சிவப்பு டேப் இன்னும் பிடியை விடவில்லை. நகத்தால் நெருடிப் பார்த்தேன், ஓரத்தில் பசைகூட இருந்தது. கம்பெனி டேப் என்றால் சும்மாவா. விழுந்த வேகத்துக்கு வலித்திருக்க வேண்டும், எனக்குச் சிரிப்புதான் வந்தது. "போய்ச் சேந்து எட்டு மாசமாச்சு, இன்னும் தலையில தட்டுறியாடி" என்று பரணைப் பார்த்துச் சொன்னேன். கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த என் மகள், "யார்கூடம்மா பேசுற?" என்றாள். உன்னோடுதான். பேச ஆரம்பித்துவிட்டேன், இனி நிறுத்த முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஒரே லைனில் எதிரெதிரே நின்றவர்கள். ஒசூர் தொழிற்பேட்டையில், காருக்குள் ஓடும் வயர்களைக் கட்டிக் கொடுக்கிற கம்பெனி. நகர்ந்து வரும் பலகையில் கலர் கலராக வயர்களைப் படுக்க வைத்து, ஒன்றுசேர்த்து, டேப் சுற்றி அடுத்தவளுக்கு அனுப்ப வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து கல்யாணமாகி வந்த நான், பாரூரிலிருந்து வந்த நீ, கெலமங்கலத்துத் தெலுங்குப் பெண்கள் என்று இருபத்திரண்டு பேர். இருபத்திரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு மஞ்சள் அட்டை. லைன் லீடர் சேகரின் மேசைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். அட்டை ஆணியில் இருந்தால்தான் கழிப்பறைக்குப் போகலாம். போனால் நம் இடத்தில் நிற்க வேறொருத்தி வர வேண்டும். அவள் வருவதற்குள் ஒரு பலகை நம்மைத் தாண்டிவிடும். சேகர் திட்ட மாட்டார். தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பயந்து நாம் எல்லோரும் தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தோம். அதில் நீ சாம்பியன். எட்டு மணி நேர ஷிப்டில் ஒரு தடவைகூட எழுந்து போக மாட்டாய். "அந்த அட்ட இன்னா கலருன்னே எனுக்குத் தெரியாது" என்று பெருமையடிப்பாய்.

அந்தப் பெருமை நமக்கு எவ்வளவு பெரிய வேலை வைக்கப் போகிறது என்று அப்போது இருவருக்குமே தெரியாது.

உனக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று என்று சொன்ன நாளை நான் நீட்டி எழுதப் போவதில்லை. உனக்கும் அது பிடிக்காது. பெங்களூர் ஆஸ்பத்திரியில் தமிழ் பேசும் டாக்டர் ஒருவர் வாய்த்தது நம் அதிர்ஷ்டம். ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டதால் கதிர்வீச்சு கொடுத்தே குணப்படுத்தலாம் என்றார். வாரத்தில் ஐந்து நாள், ஐந்து வாரம். அதற்கப்புறம் கடைசியில் கருவியை உள்ளே வைத்துக் கதிர் கொடுக்கும் சிகிச்சை. சொல்லிவிட்டு ஒரு தாளில் படம் வரைந்தார். நடுவில் புற்று. அதைச் சுற்றி, நூல்கண்டை உதறிப் போட்டதுபோலக் குடல். "கதிருக்கு நல்லது கெட்டது தெரியாதும்மா. குடல் குறுக்க கெடந்தா அதையும் சுட்டுடும். அப்புறம் வருஷக்கணக்கா வயித்தால போறது, ரத்தம் போறதுன்னு தொந்தரவு வரலாம். அத வரவிடாம பாத்துக்கணும்."

நீ உயிரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எட்டு மணி நேரம் லைன்ல நிக்க முடியுங்களா சார்?" என்றுதான் கேட்டாய். உன் வீட்டுக்காரர் இறந்தபின் அந்த வீட்டில் வேலைக்குப் போகிறவள் நீ ஒருத்திதான். பையன் அப்போது ஒன்பதாவது. குடல் கெட்டவளுக்கு அந்த மஞ்சள் அட்டை ஒரு நாளைக்கு எத்தனை முறை வேண்டியிருக்கும் என்று உன் மனசு கணக்குப் போட்டுவிட்டது. அடிக்கடி அட்டை எடுக்கிறவள் லைனில் நிலைக்க மாட்டாள். அது எனக்கும் தெரியும். டாக்டருக்குத்தான் தெரியாது. "குடல காப்பாத்திட்டா தாராளமா நிக்கலாம்" என்றார்.

எப்படிக் காப்பாற்றுவது என்பதை மெஷின் அறையில் இருந்த கன்னடப் பெண் சொன்னாள். நாம் அவளுக்கு 'மெஷின் மேடம்' என்று பேர் வைத்தோம். "நீரு குடிபேக்கு, தும்ப குடிபேக்கு" என்று, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்பதை அவள் சொன்னதும் உன் முகம் போன போக்கை நான் மறக்கவே மாட்டேன். வயிற்றைச் சுத்தமாகக் காலி செய்துவிட்டு, தண்ணீர் குடித்து, ஒரு மணி நேரம் சிறுநீரை அடக்கிக்கொண்டு மெஷினில் படுக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிரம்பினால், அது குடலை மேலே தள்ளிவிடும். கதிர் போகும் வழியில் குடல் இருக்காது. நீ அதை எனக்குத் தமிழில் சொன்னபோது உன் ஊர் ஏரியைக் கொண்டுவந்தாய். "ஏரி ரொம்பனா பரிசல் மேல வருமில்ல, அப்டிதாண்டி. எங்கொடலு பரிசலு." அவ்வளவு பெரிய மெஷின், அவ்வளவு பெரிய படிப்பு, கடைசியில் உன்னைக் காப்பாற்றப் போவது மூன்று டம்ளர் தண்ணீர் என்பதில் உனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

முதல் ஸ்கேன் எடுத்த அன்று எவ்வளவு குடித்தாயோ, தினமும் அதே அளவு இருக்க வேண்டும் என்றார்கள். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இதை நம்மிடம் சொல்ல வேண்டுமா. மறுநாளே லைனிலிருந்து கொஞ்சம் சிவப்பு டேப் கொண்டுவந்து, சரியான உயரத்தில் இந்தப் பாட்டிலைச் சுற்றி இரண்டு சுற்று சுற்றிவிட்டேன். டேப் வரைக்கும் நிரப்பி, சொட்டு மிச்சமில்லாமல் குடிக்க வேண்டும்.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் நல்லவள். ஒரு திட்டமும் போட்டேன். உனக்கு மெஷின் நேரம் பதினொன்று. நான் கூடவே வந்துவிட்டு இரண்டரை மணி ஷிப்டுக்குத் திரும்ப வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து குடிப்பானேன்? பத்து விநாடி வீணானாலும் பதறுகிற இடத்தில் பழகியவர்கள் நாம். ஒசூர் பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில் வேலையை முடித்துக்கொண்டு ஒன்பது மணி பஸ், சந்தாபுரா தாண்டியதும் தண்ணீர், இறங்கி நடந்தால் பதினொன்றுக்குப் பை நிரம்பியிருக்கும். நீயும், "சூப்பருடி, உன்னத்தான் லீடராப் போடணும்" என்றாய். பஸ்ஸை நாம் பலகை என்று நினைத்துவிட்டோம். பலகை சொன்ன வேகத்தில் நகரும். ஒசூர் ரோடு நகருமா?

மூன்று நாள் நகர்ந்தது. நான்காம் நாள், மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த இடத்தில் பஸ் நின்றது நின்றதுதான். அரை மணி நேரத்தில் நீ பேச்சை நிறுத்தினாய். முக்கால் மணியில் என் மணிக்கட்டைப் பிடித்தாய். அந்தப் பிடியின் தடம் சாயங்காலம்வரை இருந்தது. இறங்கி ஓடினோம். ஓட்டல் கல்லாவில் இருந்தவர் கையை விரித்தார். கடைசியில், பாலத்துக்குச் சிமெண்டு கலந்துகொண்டிருந்த பெண்கள்தான் காப்பாற்றினார்கள். நீ தெலுங்கில் ஒரே வார்த்தை சொன்னாய். இரண்டு பேர் ஒரு புடவையைப் பிரித்துப் பிடித்தார்கள், நீ அதற்குப் பின்னால் போய்விட்டாய். அந்தப் புடவை பச்சையில் மஞ்சள் பூப்போட்டது. நான் ரோட்டைப் பார்த்து நின்று காவல் காத்தேன், உடம்பெல்லாம் சிரிப்பு.

ஆனால் வெறும் பையோடு வந்திருப்பதாக நீ சொன்னதும் மெஷின் மேடம் திருப்பி அனுப்பினாள். மறுபடி குடித்து, மறுபடி காத்திருந்து, கடைசி ஆளாக உள்ளே போனாய். நான் ஷிப்டுக்கு முக்கால் மணி நேரம் தாமதம். சேகர் கடிகாரத்தைப் பார்த்தார். மறுநாள் பஸ்ஸில் அவரைப்போலவே கழுத்தைச் சாய்த்து, கையைத் திருப்பி நடித்துக் காட்டினேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அது உனக்குள் போய் எங்கே உட்கார்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு பஸ்ஸில் தொந்தரவே இல்லை. நெரிசல் வந்தாலும் நீ மகாராணிபோல உட்கார்ந்திருந்தாய். பழகிவிட்டது என்று நினைத்தேன். ஷிப்டு அலுப்பில் எனக்கு ஏறியதும் தூக்கம் வந்துவிடும். விழிக்கும்போது பாட்டில் காலியாக உன் மடியில் இருக்கும். ஒரு நாள் மட்டும் கூச்சல் கேட்டு எழுந்தேன். சன்னலுக்கு வெளியே ஸ்கூட்டரில் ஒருவர், தலை முதல் சட்டைப்பை வரை நனைந்து, "கண்ணு காணிசல்வாம்மா?" என்று கன்னடத்தில் கத்திக்கொண்டிருந்தார், கண் தெரியவில்லையா என்று. வானத்தில் ஒரு மேகம் இல்லை. "இன்னாமோ கத்தறான், நீ தூங்கு" என்றாய். நானும் தூங்கிவிட்டேன். என்னைப்போல ஒரு காவல்காரி யாருக்குக் கிடைப்பாள்.

மூன்றாவது வாரம் உனக்கு வயிறு போக ஆரம்பித்தது. கொஞ்சம் வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இது கொஞ்சம் இல்லை. ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது தடவை. கன்னம் ஒட்டி, புடவைக் கொசுவம் இரண்டு மடிப்பு கூடிப்போயிற்று. பஸ் ஸ்டாண்டில் நீ கழிப்பறையிலிருந்து வரும்வரை வெளியே நிற்கும்போது எனக்குப் பயம் வந்தது. புற்றுக்குக்கூட அவ்வளவு பயந்ததில்லை. இப்படியே போனால் லைனுக்கு எங்கே திரும்புவது? நீயும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாய். உனக்கு மட்டும் காரணமும் தெரியும்.

டாக்டர், மெஷினுக்குப் போகும் முன் உன்னைப் படுக்க வைத்து, வயிற்றில் பசை தடவி ஸ்கேன் கருவியை ஓட்டினார். திரையைப் பார்த்தார். "பை பாதிகூட ரொம்பலயே. தண்ணி குடிக்கறாங்களா இல்லையா?"

எனக்கு வந்ததே கோபம். நான் கட்டிய பலகையை யாரோ செக்கிங்கில் திருப்பிவிட்டதுபோல இருந்தது. "அதெல்லாம் கரெக்டா குடிக்கிறா சார். அளவு போட்டு டேப் சுத்திக் குடுத்ததே நாந்தான். பாட்டில் தெனமும் காலியாகுது. உங்க மெஷினத்தான் பாக்கணும்" என்று டாக்டரிடமே எகிறினேன்.

நீ கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாய். "வண்டிக்காரன் மேல ஊத்திட்டேன் சார்" என்றாய்.

டாக்டர் என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "எந்த வண்டிக்காரன்?"

வெளியே பெஞ்சில் உட்கார வைத்து உன்னை நான் திட்டிய திட்டு, அந்த வராந்தாவுக்கே தமிழ் கற்றுக் கொடுத்திருக்கும். தினமும் பாதிக்குமேல் சன்னலுக்கு வெளியே போயிருக்கிறது. "அறிவிருக்காடி உனக்கு? கொடல் உனக்கா, ரோட்டுல போறவனுக்கா?" என்று கேட்டேன். நீ முந்தானையை முறுக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னாய்: "அடக்கறது எனுக்குக் கஷ்டமில்லடி. குடிக்கறதுதான் பயமா கீது. பாட்டில எடுத்தாலே அந்த அட்டதான் கண்ணு முன்னால வருது. அன்னிக்கு மாதிரி மறுபடி ஆயிட்டா, நீ மறுபடி லேட்டாப் போவ. அந்தாளு உன்னப் பாக்கறத நீதானே செஞ்சி காட்டின?"

எனக்குத் திட்டு வற்றிவிட்டது. உன் குடலை நீ எனக்காகப் பணயம் வைத்திருந்தாய். நான் கேட்காமலே, நான் தூங்கிக்கொண்டிருக்கும்போது. அத்தனை பேர் நடுவில் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேன். நீ, "ஏய், அழுத்தாதடி, கொஞ்சமாச்சும் குடிச்சிருக்கேன்" என்றாய்.

டாக்டர் நல்ல மனிதர். மிரட்டவில்லை. "இன்னும் பாதி பாக்கி இருக்கு. இனிமே ஒழுங்கா குடிச்சா கொடல் தேறிடும். ஆனா ஒரு நாள்கூட ஏமாத்தக் கூடாது" என்றார். திட்டம் போட்டவள் நான், தப்பு என் திட்டத்தில் இருந்தது. மறுநாளிலிருந்து ஏழு மணி பஸ். தண்ணீர் ஆஸ்பத்திரிக்குப் போனபின், கழிப்பறைக் கதவு கண்ணுக்குத் தெரிகிற பெஞ்சில் உட்கார்ந்து. எனக்கும் ஒரு பாட்டில் வாங்கி, அதே உயரத்தில் டேப் சுற்றினேன். "உனுக்கு இன்னாத்துக்கு?" என்றாய். "நான் தூங்காம இருக்கணும்ல" என்றேன். பத்து மணிக்கு இருவரும் பாட்டிலை முட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் குடிப்போம். நீ மெஷினிலிருந்து வெளியே வரும்வரை நானும் எழுந்து போகக் கூடாது என்பது நம் ஒப்பந்தம்.

அந்தப் பெஞ்சைப்போல ஒரு சந்தோஷமான இடம் என் வாழ்க்கையில் வேறில்லை. ஆஸ்பத்திரி என்றால் யார் நம்புவார்கள். மாண்டியாவிலிருந்து ஒரு டீச்சர், கோலாரிலிருந்து காய்கறி வியாபாரம் செய்கிற ஒரு அம்மா, சேலத்திலிருந்து ஒரு பெரியம்மா. ஆளுக்கொரு பாட்டில், எல்லோர் காலும் ஒன்றன்மேல் ஒன்று. முதல் அரை மணி ஊர்க்கதை. அடுத்த கால் மணி சமையல். அதற்கப்புறம் யாரும் பேச மாட்டார்கள். அந்த நேரம் பார்த்து நீ அந்த ஸ்கூட்டர்காரரை எடுப்பாய். "பாவம், அவுரு இன்னிக்கி கொட எடுத்துனு வந்திருப்பாரு" என்று கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் சொல்வாய். "சிரிக்க வெக்காதடி, போயிடும்" என்று சேலத்துப் பெரியம்மா உன் தொடையில் அடிப்பார். மெஷின் மேடம் எட்டிப் பார்த்து உதட்டில் விரல் வைப்பாள். உன் பேரைக் கூப்பிட்டதும், தலையில் நிறைகுடம் வைத்தவள்போல ஆடாமல் அசையாமல் நீ நடந்து போவாய். பத்து நிமிடம் கழித்து வெளியே வருவாய், கழிப்பறைக் கதவுவரை இருவரும் ஒரே ஓட்டம். ஒரு நாளும் நான் உன்னை முந்தியதில்லை. முந்த நீ விட்டதுமில்லை.

ஐந்தாவது வாரம் முடிவதற்குள் வயிறு அடங்கிவிட்டது. உள்ளே வைக்கும் சிகிச்சையும் முடிந்து, மூன்று மாதம் கழித்துச் சோதித்த டாக்டர், "புத்து போயிடுச்சு. கொடலும் தப்பிச்சிடுச்சு" என்றார். வயிற்றுக்காக இருந்த பத்தியம் போதும் என்று அவர் வாயால் வந்த அன்று உன் வீட்டில் ராகிக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும். நீ மூன்றாவது உருண்டை கேட்டபோது உன் பையன் அடுப்பங்கரைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான். நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

நீ லைனுக்குத் திரும்பிய நாள் எனக்கு அதையும் விடப் பெரிது. பலகைக்குப் பக்கத்தில் இந்தப் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தாய். பத்து மணி ஆனதும், சேகர் பார்க்கப் பார்க்க, டேப் வரைக்கும் இருந்த தண்ணீரைக் கடகடவென்று குடித்தாய். பதினொன்றுக்கு நேராகப் போய் ஆணியிலிருந்து அட்டையை எடுத்தாய். சேகர் கடிகாரத்தைப் பார்த்தார். நீ நின்றாய். "டைம் பாத்துக்கோ சார். பதினொன்னு. நாளிக்கும் இதே டைமுக்குத்தான் போவேன்" என்று சொல்லிவிட்டு, அவசரப்படாமல் நடந்தாய். இருபத்தோரு பேரும் கையை நிறுத்திப் பார்த்தோம். ஒரு பலகை யாரும் தொடாமலே எங்களைத் தாண்டிப் போயிற்று. லைன் இடிந்து விழவில்லை. மறுநாள் நான் என் பாட்டிலை வைத்தேன். அடுத்த திங்கட்கிழமை எண்ணிப் பார்த்தால் பதினாறு பாட்டில், அத்தனையிலும் கம்பெனி டேப், ஆளுக்கொரு கலர். ஒரு அட்டை போதாமல், சேகரே இரண்டாவது ஆணி அடித்தார்.

அதற்கப்புறமும் எத்தனையோ வருஷம் நீ எனக்கெதிரே நின்றாய். பையன் கல்யாணத்தில் முதல் பந்தியிலும் சாப்பிட்டு, கடைசிப் பந்தியிலும் உட்கார்ந்தாய். புற்று திரும்பி வரவே இல்லை. போன ஆவணியில் பாரூரில், மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள், நெஞ்சு நின்று போய்விட்டாய். அன்றும் மீன்குழம்பு, இரண்டு தடவை போட்டுக்கொண்டாயாம். உன் மருமகள் அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். எனக்கு அந்த வீட்டில் அதுதான் ஆறுதலாக இருந்தது. கடைசி நாள்வரை உன் குடல் உன்னிடம் இருந்தது.

அந்த லைனுக்கு இப்போது நான்தான் லீடர். நீ சொன்னதுபோலவே ஆயிற்று. அட்டையும் இல்லை, ஆணியும் இல்லை. கழற்றிய அன்று உனக்குப் போன் செய்து சொன்னேன். "அந்த அட்டைக்கு மால போட்டியா?" என்று கேட்டாய். இன்றைக்கு எனக்கு இரண்டாவது ஷிப்டு. பாட்டிலைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினேன், டேப்பை மட்டும் தொடவில்லை. டேப் வரைக்கும் நிரப்பிப் பையில் வைத்தேன். பஸ்ஸில் சன்னல் சீட்டு கிடைத்தது. சிக்னலில் நின்றபோது பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது, ஓட்டியவர் தலை நரைத்த மனிதர். நம் ஆளாக இருக்காது. இருந்தாலும் அவர் பத்திரமாகப் போகட்டும் என்று, பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு சொட்டு சிந்தாமல் முழுவதையும் குடித்தேன்.